அடிச்சரிவில் தேங்கிய நீர்

2071, ஐப்பசி 14, காலை 8.10
மண்ணைத் துளைத்துச் செல்லும் ஊர்தியில் நான், மண் ஆய்வாளர் தில்லைவாணி. உச்சியில் ரேடியோவோடும், ஊர்தியைக் கேபிளால் இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தோடும் சிங்காரவேல். குன்றின் மண்ணை உள்ளிருந்தே வரைபடமாக்கிக்கொண்டு பள்ளத்தாக்கு வரை இறங்க வேண்டும். உச்சியில் முழங்கால் அளவுக்குச் சரளை, அதன்கீழ் பாறை.

காலை 10.40
நடுச்சரிவு. ஆள் உயரத்துக்குச் செம்மண். மழைநீரை மறுக்காமல் குடிக்கிறது. மேலிருந்து அரித்து வந்தது சேரச்சேர, கீழே போகப்போக ஆழம் கூடுகிறது. நல்ல மண்.

பகல் 12.15
அடிச்சரிவு. செம்மண்ணுக்கு அடியில் சாம்பல்நிறக் களிமண். அது ஊர்தியைக் கவ்விக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.
சிங்காரவேல்: "பயப்படாதீங்க மேடம். கேபிள்தான் மாட்டியிருக்கே. விஞ்ச்ச போட்டு இழுத்துர்றேன்."

பகல் 1.30
இழுக்க வேண்டாம் என்று நிறுத்தினேன். வார மழை முழுவதும் செம்மண் வழியே இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் இடையில் தேங்கியிருக்கிறது. சோப்பு தடவிய பலகை மாதிரி. அதன்மேல் பாதிக் குன்று உட்கார்ந்திருக்கிறது. மெல்ல நகரவும் செய்கிறது. நேர் கீழே, அணைக்காக இடம்பெயர்ந்தவர்களின் முகாம்.
நான்: "இழுத்தா மொத்தமும் கிளம்பிரும். மொதல்ல முகாம் ஜனங்கள எதிர்மேட்டுக்கு ஏத்துங்க."
சிங்காரவேல்: "என் சம்சாரமும் அங்கதான் இருக்கா மேடம். ஆனா உங்கள உட்டுட்டு எப்படிப் போறது?"
"கால்லதான். கெளம்புங்க."

பகல் 3.00
ஊர்திக்குள் காற்று கனத்துவிட்டது. விஞ்சை இங்கிருந்தும் இயக்கலாம். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு முறை கை போனது. இப்போது அந்தக் கையின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். இடதுகையால் எழுதுகிறேன்.
இதைத் தோண்டி எடுப்பவருக்கு: இந்த அடிச்சரிவில் இனி யாரையும் குடிவைக்காதீர்கள். மேலே பார்க்கத் திடமாகத்தான் இருக்கும்.

3.50
சுவரில் களிமண் உரசும் சத்தம். அம்மாவுக்குப் போன் செய்திருக்கலாம். காலையில் சிக்னல் இருந்தது.

மாலை 4.20
சிங்காரவேல், மூச்சிரைக்க: "எல்லாரும் ஏறிட்டாங்க மேடம். ஒரு பெரியவரு மாட்டேன்னாரு, கட்டிலோட தூக்கியாந்துட்டோம். கீழ ஒருத்தரும் இல்ல. சுவிட்ச்ச போடுங்க. வந்துருங்க மேடம்."

4.22
போட்டுவிட்டேன். கேபிள் இறுகுகிறது.
ஊர்தி அசைந்துவிட்டது
மேல்நோக்கி அல்ல