காற்று சரியில்லாத ஊர்

பெங்களூர்
12.2.1998

அன்புள்ள ரகு,

நலம்தானே? இங்கே வழக்கம்போல் வேலையும் கரண்ட் கட்டும். இன்று ஒரு சந்தோஷச் செய்தி. நாம் இருவரும் ஆரம்பித்து, நீ அமெரிக்கா போனபின் நான் இழுத்துக்கொண்டிருந்த வளையும் கண்ணாடி வேலை செய்துவிட்டது!

எதிர்க்கட்டட மாடியிலிருந்து லேசர் அடித்தோம். நடுவில் தகரக் கூரைகள். வெயிலில் காற்று கொதித்து, திரையில் ஒளிப்புள்ளி கிடந்து துடித்தது. கண்ணாடியை இயக்கும் நம் சர்க்யூட்டைப் போட்டதும், காற்று செய்த கோணலுக்கு ஈடாகக் கண்ணாடி நொடிக்கு நூறு முறை வளைந்து கொடுக்க, புள்ளி அப்படியே நின்றது. டெக்னீஷியன் கோவிந்தப்பா, "நின்னுடுச்சு மேடம், நின்னே போச்சு!" என்று கத்தினார்.

அடுத்து மலைமேலிருக்கும் தொலைநோக்கியில் பொருத்த வேண்டும், காற்றில் மினுங்கும் நட்சத்திரமும் இதேபோல் அசையாமல் தெரிய. நிதி கேட்டு டெல்லிக்கு எழுதியிருக்கிறோம். பாதியில் விட்டுப் போனாய் என்று கோபம்தான். ஆனாலும் முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன்,
பாமா


டூசான்
3.4.1998

அன்பு பாமா,

மிக்க மகிழ்ச்சி. ஆனால் தகரக் கூரை வேறு, நட்சத்திரம் வேறு. அங்கே ஏன் கிடந்து கஷ்டப்படுகிறாய்? இங்கே வந்துவிடேன்.

ரகு


பெங்களூர்
20.7.1998

ரகு,

நிதி இல்லை என்று வந்துவிட்டது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர், அந்த ஊர்க் காற்றில், அவ்வளவு சின்னக் குழுவால் இது நடக்காது என்று கருத்து எழுதினாராம். டைரக்டர் சுந்தரேசன் சார் கூப்பிட்டு, "சொல்லக் கூடாதும்மா. ஆனா எழுதினது உங்க ஃப்ரெண்டுதான்" என்றார்.

நான் நம்பவில்லை. இல்லையென்று ஒரு வரி எழுது.

பாமா


டூசான்
9.8.1998

அன்பு பாமா,

நான்தான். கேட்டார்கள், மனதில் பட்டதை எழுதினேன். இங்கே முப்பது பேர் செய்கிற வேலை. நீயும் கோவிந்தப்பாவும் எத்தனை வருஷம் மல்லுக்கட்டுவீர்கள்? உன் நல்லதுக்குத்தான். எங்கள் குழுவில் உனக்கு ஓர் இடம் பேசி வைத்திருக்கிறேன். வரும்போது அந்த சர்க்யூட்டின் வரைபடங்களையும் எடுத்து வா. எங்களுடையது அவ்வளவு வேகமாக ஓடமாட்டேன் என்கிறது.

ரகு


பெங்களூர்
2.9.1998

திரு. ரகுராம் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். கோவிந்தப்பாவை ஸ்டோர்ஸுக்கு மாற்றியாயிற்று. "நம்மூர் காத்துக்கு என்ன மேடம் கேடு?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை முதல் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறேன்.

நடக்காது என்று எழுதியவர் வரைபடம் கேட்கிறீர்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே அலமாரியில் கிடப்பதைவிட எங்காவது ஓடட்டும்.

கட்டுரை எழுதினால் என் பெயரைப் போட வேண்டாம். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சா. பாமா