வெள்ளிக்கிழமைக் கமரா

டிசம்பர் 7, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இருக்கிறது. அதுவே பெரிய விஷயம்.

வெள்ளி என்றால் கமரா நாள். குவைத்தில் அம்மா வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் பகலில் வெளியே போவார்கள். கல்லூரி போகும் மகள் மட்டும் வீட்டில். நல்ல பிள்ளை. தன் கம்பியூட்டரில் அரை மணி நேரம் அம்மாவை உட்கார வைக்கும். இங்கே தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில், எங்கள் ஒற்றை அறையில், நான் கட்டிய மெஷின். கேஸ் ஒரு கடையில் வீசியது, போர்ட் இன்னொரு இடத்தில் கழித்தது, மெமரி மூன்று கம்பெனி. விண்டோஸ் 98. அதற்கு மேல் தாங்காது.

தங்கச்சி சுமதி அப்பாவுக்குச் சவரம் செய்து, நீலச் சட்டை போட்டு, மப்ளர் கட்டி உட்கார வைத்தாள். ஆவணியில் வலது பக்கம் இழுத்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு இல்லை, அது அம்மாவுக்கும் தெரியும். வருவது ஒரு சத்தம்தான். அதைப் பிறர் கேட்பது அவருக்குப் பிடிக்காது, போன் பக்கமே திரும்ப மாட்டார். கமரா என்றால் வருவார். தலையாட்டினால் போதும் அல்லவா. அதுவும் படம் மட்டும்தான், நம் லைனில் சத்தம் போகாது.

மெசெஞ்சரைத் திறந்தேன். இந்தப் பதிப்பு இனி வேலை செய்யாது, புதியதைப் போடு என்றது. புதியதை இறக்கினால், இந்த விண்டோஸில் ஓட மாட்டேன் என்றது. போன வெள்ளி ஓடியது. ஒரு வாரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதற்கிடையில் அப்பா. டம்ளரால் கட்டில் இரும்பில் டொக், டொக், டொக். தேத்தண்ணி வேண்டுமாம். அம்மா இங்கே இருந்த காலத்திலும் இதே பழக்கம்தான். அவளிடம் திட்டு வாங்கியும் விட்டதில்லை. "கொஞ்சம் நிப்பாட்டுங்கப்பா" என்று கத்தினேன். நிறுத்தினார். சட்டை பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேபிளைக் கழற்றியதும் போன் அடித்தது. (வயரில்லாத மேசை போன் ஒன்றுதான். கேபிள் மாட்டினால் இண்டர்நெட், கழற்றினால் பேச்சு. இரண்டும் ஒன்றாக வராது.)

"என்னடா, ஒங்கள காணோம்?"

"கம்பியூட்டர் பழுதும்மா."

"அப்பா?"

"இருக்காரு."

"குடு. சத்தமாவது கேக்குறேன்."

நீட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பேச மாட்டேங்கிறாரும்மா."

"சரி" என்றாள். ஒரு மாதிரியான சரி.

டிசம்பர் 8, சனி

தோட்டத்து ரோட்டில் மண்சரிவு. ஆள் ஏறி இறங்கலாம், திரீவீலர் வராது. அதைத் தாண்டி நடந்து, கீழே பஸ் பிடித்து, பதுளையில் நான் வேலை செய்யும் கம்பியூட்டர் கடைக்குப் போனபோது கால்சட்டை முழங்கால் வரை சேறு.

முதலாளியிடம் லாப்டாப் கேட்டேன். ஒரு நாளைக்கு மட்டும்.

"லாப்டாப்பு பல் பிரஷ் மாதிரி தம்பி. அடுத்தவங்களுக்குக் குடுக்கிற சாமானா அது?"

"அப்ப என் மெஷின என்ன செய்ய?"

"அதுக்கு ஒரு மால போட்டு வைங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் விண்டோஸ் எக்ஸ்பி சிடி ஒன்றும் பழைய மெமரி ஒன்றும் தந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கமராவும் புதிது கேட்டேன். கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். எப்போது? "ரோடு சரியானா."

அப்பாவையே டவுன் நெட் கஃபேக்குக் கொண்டுபோகலாம் என்று யோசித்தேன். சரிவைத் தாண்டும் வரை நாலு பேர் தூக்கினால் போதும். வீட்டுக்கு வந்து ஸ்ட்ரெச்சர் என்று சொன்னதும் இடது கையை வீசி மாட்டேன் என்றார். சுமதியும் சேர்ந்துகொண்டாள்: "ஸ்ட்ரெச்சர்ல ஏத்துனா லயமே வந்து ஒப்பாரி வச்சிரும்."

டிசம்பர் 9, ஞாயிறு

எக்ஸ்பி போட்டேன். பகல் முழுக்கப் போனது. இரண்டு முறை கரண்ட் விழுந்தது. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம், எனக்குப் பிடிக்காத சத்தம்.

ஒருவழியாக எழும்பியது. நத்தை. ஆனாலும் மெசெஞ்சர் ஓடியது, துள்ளினேன். கமராவை மாட்டினேன். இது என்ன சாமான் என்று தெரியவில்லை என்கிறது. டிரைவர் 98க்கு மட்டும்தான். செய்த கம்பெனியே இப்போது இல்லை.

ஆக, கமராவுக்குப் பழைய விண்டோஸ் வேண்டும். மெசெஞ்சருக்குப் புதியது வேண்டும். நான் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

திரும்ப 98.

டிசம்பர் 10, திங்கள்

திங்கட்கிழமை அம்மா கூப்பிடுவதே இல்லை. இன்று கூப்பிட்டாள். சுமதி எடுத்தாள்.

"அப்பாகிட்ட குடுடி."

"தூங்குறாரும்மா."

"தூங்குறாரா."

வைத்துவிட்டாள். சுமதியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அம்மா வேற மாதிரி நெனைக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்துக் காம்பரா சரோஜா அக்கா சவூதியில் இருந்தபோது அவளுடைய அம்மா இறந்துபோனாள். சொன்னால் அங்கே தனியாகக் கிடந்து என்ன செய்வாள், லீவும் கொடுக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டிலிருப்பவர்களுக்குச் சாவு போய்ச் சேராது. வேலை முடிந்து வந்து இறங்கும்போதுதான் தெரியும். அன்றைக்கு போனில் பொய் சொன்னது யார்? எங்கள் அம்மா. "ஒங்கம்மா கொஸ்லந்தைக்குப் போயிருக்காடி. நல்லாத்தான் இருக்கா. தொண்டைதான் கட்டிருக்கு, பேச முடியல." இப்படியே மாதக்கணக்காக. சரோஜா அக்கா தாய்க்கு ஒரு சேலையோடு வந்து இறங்கினாள்.

இப்போது நாங்கள் சொன்னது: கம்பியூட்டர் பழுது. பேச மாட்டேங்கிறார். தூங்குகிறார்.

அப்படியே அதே பொய்யின் அச்சு.

டிசம்பர் 11, செவ்வாய்

மழை. தங்கமலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது.

மாலையில் அம்மா. இந்த முறை சரோஜா அக்காவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். அவள் சொன்னால் நம்புவாள் என்று கணக்குப் போட்டேன்.

"அத்த, மாமா நல்லா இருக்காரு. முன்னாலதான் ஒக்காந்திருக்காரு. சாமி சத்தியமா."

போனில் சத்தம் பெரிதாகவே வரும். எல்லோருக்கும் கேட்டது.

"நா ஒனக்குச் சொன்ன மாதிரியே சொல்றியேடி சரோஜா. நானும் அன்னிக்கு சத்தியம் பண்ணுனேன். மறந்துட்டியா?"

சரோஜா அக்கா போனை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நான் கத்தினேன். "அம்மா, விண்டோஸ் தொண்ணூத்தெட்டும்மா! மெசெஞ்சர்காரன் நிப்பாட்டிட்டான்!" இதைக் கேட்டு அம்மா என்ன செய்வாள்? எனக்கே கேவலமாக இருந்தது.

"எனக்கு என் புருசன் மொகத்தக் காட்டு. வெள்ளிக்கெழம பாக்குறேன். இல்லேன்னா நா எம்பஸிக்குப் போயிருவேன்."

பாஸ்போர்ட் வீட்டுக்காரன் கையில். வீட்டை விட்டு ஓடினால் திருட்டுக் கேஸ் போடுவார்கள், உள்ளே வைப்பார்கள். போன வருஷம் எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் பெண் ஒருத்திக்கு அதுதான் நடந்தது. அம்மாவுக்கும் தெரியும். பங்குனியில் ஒப்பந்தக் காலம் முடிகிறது. நாலு மாதம் கூட இல்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மப்ளர் நுனியைச் சுருட்டினார், விரித்தார்.

டிசம்பர் 12, புதன்

லீவு போட்டேன். மூளை வேலை செய்தது என்று நினைத்தேன். 98இல் கமரா ஓடும்தானே? போட்டோ எடுக்கலாம்தானே? அப்பா கையில் இன்றைய பேப்பரைக் கொடுத்தேன், தலைப்பு தெரிகிற மாதிரி. எடுத்து அந்த வீட்டுப் பிள்ளைக்கு மெயில் அனுப்பினேன். இதற்கு மேல் அத்தாட்சி கிடையாது.

சாயங்காலம் போன்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன். நல்லா ஒட்டிருக்க."

"ஒட்டல!"

"சரோஜா தங்கச்சி கல்யாண போட்டோவுல செத்துப்போன அவ அம்மாவ ஒட்டிக் குடுத்தவன்தானே நீ. பக்கத்துல நிக்கிற மாதிரி. ஊரே பாத்து அழுதிச்சே."

உண்மைதான். நன்றாகவே செய்திருந்தேன். நிழல் கூடச் சரியாக விழுந்திருந்தது.

டிசம்பர் 13, வியாழன்

கடைக்குப் போகவில்லை. முதலாளி போன் செய்தார், எடுக்கவில்லை.

பழைய கம்பியூட்டர் சஞ்சிகையோடு வந்த சிடி ஒன்றில் ஒரு புரோகிராம் கிடைத்தது. மெசெஞ்சர் வேண்டாம், ஒரு மெஷினின் எண்ணை மற்றதில் நேராக அடித்தால் போதும். 98இல் ஓடுகிறது. அந்தப் பக்கத்திலும் ஓடும். அந்தப் பிள்ளைக்கு மெயிலில் எழுதினேன். கனெக்ட் ஆனதும் என் எண்ணை அனுப்புகிறேன், நீ அடி என்று. ஓகே என்று பதில்.

இங்கேயே என் முகத்தை வைத்துச் சோதித்தேன். படம் வருகிறது, ஆனால் ஆள் அசைந்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. அசையாமல் இருந்தால் தெளிவு. அப்பாவிடம் சொன்னேன்: "நாளைக்கு அசையக்கூடாது, சரியா? சிலை மாதிரி." தலையாட்டினார்.

ஹார்ட் டிஸ்க் டிக் டிக் கூடியிருக்கிறது. நாளை ஒரு நாள் தாங்கினால் போதும்.

டிசம்பர் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சவரம், நீலச் சட்டை, மப்ளர். கனெக்ட் ஆனது. எண்ணை அனுப்பினேன். காத்திருந்தோம். சின்னப் பெட்டியில் அம்மா வந்தாள். தலையில் துணி. மெலிந்திருக்கிறாள். சுமதி, "அம்மா!" என்று கத்தினாள். கேட்காது என்று தெரிந்தும்.

அப்பா சொன்ன சொல் மாறவில்லை. அசையவில்லை. கண் கூடச் சிமிட்டவில்லை போல. ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி.

அம்மா திரைக்குக் கிட்டே வந்தாள். பார்த்தாள். பக்கத்தில் திரும்பி என்னவோ சொன்னாள். அந்தப் பிள்ளை இங்கிலீஷில் அடித்தது: இது போட்டோ என்கிறார், அவரை அசையச் சொல்லுங்கள்.

"அப்பா, கைய ஆட்டுங்க! அசைங்க!"

தயங்கினார். நேற்று வேண்டாம் என்றவன் இன்று ஆட்டு என்கிறானே. இடது கையைத் தூக்கினார். பாதி தூக்கும்போது படம் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் நீலத் திரை. அங்கே அவருடைய பாதிக் கை அப்படியே நின்றிருக்கும்.

திரும்பப் போட்டேன். எழும்பவில்லை. டிக், டிக், பிறகு அதுவும் இல்லை. டிஸ்க் போய்விட்டது. கேஸைத் திறந்து, கேபிளை மாற்றி, மெமரியைக் கழற்றி மாட்டி… என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தேன். ஸ்குரூ டிரைவர் கையில் குத்திவிட்டது.

போன் கேபிளைப் பிடுங்கினேன். உடனே அடித்தது.

"போட்டோவக் காட்டுறியாடா எனக்கு? ஒங்கப்பா ஒரு நிமிசம் சும்மா ஒக்காந்த ஆளா?"

"நான்தாம்மா அசையாதீங்கன்னு சொன்னேன்…"

"போதும். எப்பன்னு மட்டும் சொல்லு. எந்த நாளுன்னு. நா கெளம்புறேன்."

சுமதி அழுகிறாள். அப்போது அப்பா இடது கையால் என் கையிலிருந்து போனை இழுத்தார். இத்தனை மாதத்தில் முதல் முறை. வாயருகே வைத்து அந்தச் சத்தத்தைப் போட்டார். முழுப் பலத்தோடு. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

அந்தப் பக்கத்திலிருந்து:

"யாரு அது? யாரடா கத்த வைக்கிற?"

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. கேட்டதே இல்லை.

அப்பா போனை மெத்தையில் போட்டுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கட்டிலில் சரிந்துகொண்டார். நான் போனை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல? அம்மா "ஹலோ, ஹலோ" என்பது மெத்தையிலிருந்து கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா டம்ளரைத் துழாவி எடுத்தார். தேத்தண்ணி நேரம் தாண்டிவிட்டது, எங்களுக்கு நினைப்பே இல்லை. கட்டில் இரும்பில் டொக், டொக், டொக். கோபமாக. மறுபடி டொக், டொக், டொக்.

மெத்தையிலிருந்து அம்மாவின் குரல், அதே பழைய எரிச்சலோடு:

"இது என்ன கள்ளுக்கடையா? ஒரு நிமிசம் பொறுக்க மாட்டீங்களா?"

அப்பாவின் கை நின்றது.

பிறகு அவள் அழத் தொடங்கினாள்.

டிசம்பர் 15, சனி

மழை இல்லை. சரிவை அள்ள ஆட்கள் வந்திருக்கிறார்களாம்.

மெஷின் திறந்தபடி கிடக்கிறது. டிஸ்க் எழும்பவில்லை, எழும்பவும் எழும்பாது. கடைக்குப் போக வேண்டும், ஏச்சு வாங்க வேண்டும்.

அம்மா கூப்பிட்டாள். எம்பஸிக்குப் போகவில்லை. பங்குனிக்கே வருகிறாளாம். கம்பியூட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"தட்டச் சொல்லு."

டம்ளரை அப்பா கையில் கொடுத்தேன். உள்ளே பார்த்தார். கீழே வைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"என்னடா, சத்தத்தக் காணோம்?" குரல் மாறிவிட்டது.

"இப்பத்தாம்மா டீ குடிச்சாரு. தட்ட மாட்டாராம்."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். நம்பினாளா, இல்லையா, தெரியாது.

சுமதியிடம் சொல்லிவிட்டேன். இனி அம்மாவின் போன் வந்த பிறகுதான் அப்பாவுக்கு டீ.