ஹேண்ட்பிரேக் நட்டை முறுக்கியவருக்கு

கதவுலயே ஒட்டியிருக்கேன், படிச்சுட்டு உள்ள போங்க. செருப்பைக் கழட்டாதீங்க, கூடம் பூரா கண்ணாடிச் சில்லு. நம்ம கல்யாண போட்டோவைச் சுத்தியலால உடைச்சேன். பீங்கான் தட்டு ஒண்ணையும் விடல. சோறு அடுப்பு மேல இருக்கு, சட்டியோட சாப்பிடுங்க.

நேத்து நம்ம காரோட பின் சக்கரத்துல புகை வந்ததும், அதை சர்வீஸ் பண்ணின என் தம்பியை அவன் பட்டறையிலயே போட்டு மிதிச்சீங்களே, இன்னிக்கு நானே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டும் பின் சக்கரம் ரெண்டும் கையால தள்ளினா அசையல. ஹேண்ட்பிரேக் கேபிள் நட்டைத் தளர்த்தினதும் காத்தாடியா சுத்துது. பிரேக் பிடிச்சபடியே ஓடியிருக்கு, சூடேறாம என்ன செய்யும்? சர்வீஸ் முடிஞ்சு வந்த மறுநாளே, "லூசா இருக்கு"ன்னு அந்த நட்டை முறுக்கினது யாரு? உங்க ஸ்பேனர் இன்னும் சீட்டுக்கடியில கிடக்கு.

தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க வந்து மறுபடி கையை ஓங்கினீங்க, சுத்தியல் என் பையிலதான் இருக்கு.

பிரேக் உள்ள கருகியிருக்கும், வண்டியை எடுக்காதீங்க. சாவி என்கிட்ட.

இதையும் எழுதிடறேன். நேத்து மூக்குல தையல் போடறப்ப தம்பி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: "அக்கா, மாமா அந்த வண்டியிலயா வீட்டுக்குப் போனாரு?"