பாப்பா, அந்தப் படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை

பாப்பா,

மூட்டை தூக்கிய முதுகு மழைக்காலத்தில் சும்மா விடுவதில்லை. இன்று காலை, நீ பார்த்திராத உன் அண்ணி எனக்கு வலித்தைலம் தேய்க்க வந்தாள். பச்சை மூடி போட்ட சின்னப் போத்தல். மூடியைத் திறந்து ஒரு துளி தடவியதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். "என்னங்க, எரியுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். எரியவில்லை. அந்த வாசனைக்குள் நீ குப்புறப் படுத்திருக்கிறாய். அம்மா உன் முதுகில் இதே தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாசலில் நிற்கிறேன். உன் முதுகில் கிடந்த தடங்கள் என் பெல்ட்டுடையவை.

உனக்கு இதையெல்லாம் ஒரு தடவை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று பல வருடமாக நினைக்கிறேன். அப்புறம் நடந்தவை உனக்குத் தெரியாது அல்லவா.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் அது. உனக்குப் பதினெட்டு, எனக்கு இருபத்தைந்து. அப்பா போய் மூன்று வருடமாகியிருந்தது. இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, அதை நானும் நம்பிவிட்டேன். தம்புள்ளை காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கிற நம் லயத்துக்கு வருவேன். நீ டவுனில் உயர்தர வகுப்பு, ஏ.எல். படித்தாய். நம் லயத்தில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

வாய் என்றால் உன் வாய்தான். கங்காணி நடப்பது மாதிரி நடந்து காட்டி, கொழுந்து எடுத்துக் களைத்து வந்த பெண்களைச் சிரிக்க வைப்பாய். தண்ணிப் பைப் வேண்டும் என்று தோட்ட ஆபீசுக்கு நீ எழுதிய கடிதத்தில் பன்னிரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். பைப் வந்தது. அன்றைக்கு முதல் குடத்தை உன்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். நீ குடத்தைப் பிடிக்காமல் தலையைக் கொடுத்து நனைந்துகொண்டு நின்றாய்.

அதற்கு முந்தின ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியதற்கு நான் வாங்கித் தந்த கேமரா போனை நீ துணியில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்திருப்பாய். அந்தப் போனில் உனக்கு என்னென்ன வந்தது என்று எல்லாம் முடிந்த பிறகுதான் அறிந்தேன். டியூஷனில் கூடப் படித்த ஒருவன் உன்னைக் கேட்டான். நீ வேண்டாம் என்றாய். மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்கச் சொல்லிவிட்டாய். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. டவுனில் அவன் மச்சானுக்கு ஒரு கொம்யூனிகேஷன் கடை இருந்தது. போன் பேச, இன்டர்நெட் பார்க்க எல்லாரும் போகிற கடை. வகுப்புச் சுற்றுலாப் படத்திலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, அங்கிருந்த கம்ப்யூட்டரில் வேறொருத்தியின் உடம்பில் ஒட்டினான். கையில்லாத சட்டை போட்டு, ஒருவன் மடியில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தி. அந்தப் படம் புளூடூத்தில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போனது. கூடவே உன் நம்பரும் போனது.

ஒன்றரை மாதம் நீ இதைத் தனியாகச் சுமந்தாய்; இடையில் நான் வந்த ஞாயிறுகளிலும் சொல்லத் துணியவில்லை. ஒரு நாளில் முப்பது அழைப்பு. எஸ்.எம்.எஸ்.களை வாசிக்காமல் அழித்தாய். பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து விசில். வகுப்பில் உன் பக்கத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டீச்சரிடம் சொன்னதற்கு, "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரு, தானா அடங்கிரும்" என்றாராம். அம்மாவிடம் சொன்னாய்: "கிளாஸ்ல எம் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்கம்மா." அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே, "நீ படிக்கத்தானே போற?" என்று கேட்டிருக்கிறார். அதற்குமேல் நீ அம்மாவிடம் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தையில் வெண்டிக்காய் லொறி இறக்கிக்கொண்டிருந்தோம். நம் வீட்டுக்குத் திருவிழாவுக்கு வந்து சாப்பிட்டுப் போன ஒருவன் கிட்ட வந்தான். "மச்சான், கோவிச்சுக்காத. இது ஒன் தங்கச்சி மாதிரி இருக்கே" என்று போனை நீட்டினான். அவனுக்குப் பின்னால் நாலு பேர். நாலு பேருமே ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஒருவன் சிரித்தான். அவன் பல்லிலேயே குத்தினேன். என்னைப் பிடித்து இழுத்துத் தக்காளிப் பெட்டிகள் மேல் தள்ளினார்கள். எழுந்து, அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாலந்தைக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, மறுபடி ஏற்றினார்கள். மாத்தளையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து சேர மூன்று மணித்தியாலம் ஆனது. அதற்குள் எந்த மனிதனுக்கும் கோபம் ஆறியிருக்கும். எனக்கு ஏறிக்கொண்டே போனது. சந்தையில் இனி எப்படி முகத்தைக் காட்டுவேன் என்பதுதான் வழி முழுக்க என் யோசனை. உன் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

நீ லயத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் சிரித்தாய். அதை நான் மறக்கவேயில்லை. ஓடிவந்து, "அண்ணே, நல்ல வேளைக்கு வந்தீங்க, ஒங்ககிட்ட ஒண்ணு..." என்றாய். மீதியை நான் சொல்லவிடவில்லை. முதல் அறையிலேயே வாளி உருண்டு துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. முடியைப் பிடித்து வாசலுக்கு நடுவே இழுத்தேன். பெல்ட்டைக் கழற்றினேன். பன்னிரண்டு வீட்டுக் கதவும் திறந்திருந்தன. எல்லாரும் பார்க்க வேண்டும் என்றே அங்கே வைத்து அடித்தேன். இவனுக்கு மானம் ரோசம் இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதற்காக.

நீ முதலில் கையால் தடுத்தாய். அப்புறம் தடுக்கவில்லை. படத்தை உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். உன் உதடு கிழிந்திருந்தது. "தோள பாருங்கண்ணே" என்றாய். "அந்தப் படத்துல தோள பாருங்க." எனக்கு விளங்கவில்லை. வெட்கம் கெட்டுப் பேசுகிறாய் என்று நினைத்து, அதைச் சொன்ன வாயிலேயே மறுபடி அடித்தேன். உன் போனைக் கல்லில் வைத்து நசுக்கினேன். "நாளையிலேருந்து ஸ்கூல் கெடையாது, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போ. எங்களுக்கு நீ செத்துப் போயிட்ட" என்று கத்தினேன். அம்மா வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர்தான், "போதும்டா, புள்ள செத்துரப் போவுது" என்று என் கையைப் பிடித்தார். அவரையும் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது, ரொட்டியும் சம்பலும் பொட்டலமாகக் கட்டி வாசலில் வைத்திருந்தாய். வீங்கிய கையால் நீதான் தட்டியிருப்பாய். அதைத் தாண்டிக்கொண்டு போனேன்.

புதன்கிழமை நான் வேலை செய்த கடைக்குப் போன் வந்தது. "ஒடனே வீட்டுக்கு வா." அவ்வளவுதான் சொன்னார்கள். பஸ் நம் தோட்டத்துக்கு ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பைப்படியில் ஒருத்தரும் இல்லை.

முந்தின இரவு நீ உன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சொன்னாள்: "பாவம், சின்ன வயசுல சுடுதண்ணி பட்ட வடு தோள்ல இன்னும் அப்படியே இருக்கு."

அது என் கண் முன்னால் நடந்தது. உனக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. அடுப்பிலிருந்த கேத்தல் கவிழ்ந்து உன் இடது தோளில் ஊற்றிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரி வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். கழுத்திலிருந்து கை மூட்டுக் கிட்ட வரைக்கும் தோல் சுருங்கிப்போனது. அதற்காகவே எப்போதும் கழுத்தை மூடிய சட்டைதான் போடுவாய்.

வீட்டுக்குப் பின்னால் கிராம்பு மரத்தடியில் போய் நின்று போனைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். இடது தோள் வழுவழுவென்றிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பார்க்க ஒரு நொடி போதும் பாப்பா. சந்தையில், பஸ்ஸில், நம் வாசலில் என்று எத்தனை தடவை அந்தப் போன் என் கையில் இருந்தது.

உன்னோடு படித்த பிள்ளை ஒருத்தி சாவு வீட்டுக்கு வந்திருந்தாள். நடந்ததெல்லாம் அவள்தான் சொன்னாள். அவன் பெயரையும் கடையையும் சொன்னாள். அப்புறம் அழுதுகொண்டே, "அண்ணே ஞாயித்துக்கெழம வருவாரு, அவர்கிட்ட சொன்னா பாத்துக்குவாருன்னு சொன்னாண்ணே. ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தா" என்றாள்.

மூன்றாம் நாள் டவுனுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. அவன் கடைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். பத்தொன்பது வயதுப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டி மேல் போட்டேன். கண்ணாடி உடைந்தது. ஸ்டூலை எடுத்து அவன் வலது கையில் அடித்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. மூக்கில் ரத்தம், வாயில் ரத்தம். கொன்றுவிடத்தான் போனேன், உன்னிடம் எதற்கு மறைக்க? ஸ்டூலை மறுபடி ஓங்கியபோது அவன் மூலையில் ஒடுங்கிக்கொண்டு கத்தினான்.

"நான் படந்தான் அனுப்புனேன். அடிச்சது நீங்கதானேண்ணே!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் செய்தது கொஞ்சமில்லை. ஒன்றரை மாதம் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான். அந்தப் படத்தை வாங்கி அடுத்தவனுக்கு அனுப்பிய ஒவ்வொருவனும் தின்றான். ஆனாலும் அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆட்கள் ஓடிவந்து என்னைப் பிடித்தபோது நான் திமிறவில்லை.

இரண்டு வாரம் உள்ளே இருந்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பையன் டவுனில் ஒருவனைக் கொல்லப் பார்த்தான் என்றால், அந்த நாட்களில் கேள்விகள் எங்கெங்கோ போகும். எந்த இயக்கம், யார் அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். "என் தங்கச்சி செத்துட்டா" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் அவன் அப்பாவே வந்து முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். வழக்கு நடந்தால் படத்தின் கதையும் வெளியே வரும் என்ற பயம்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டு வைத்தார். சாப்பிடாமல் இருந்தேன். "நீ அடிச்ச, நான் தடுக்காம நின்னேன்" என்றார் அம்மா. "ரெண்டு பேரும் இனி இதோடதான் இருக்கணும். சாப்புடு." அதற்குப் பிறகு இதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது என்னோடுதான் இருக்கிறார். காது கேட்பது குறைவு.

அந்தக் கடைப் பையனைப் பல வருடம் கழித்து ஒரு தடவை தம்புள்ளை பஸ்ஸில் கண்டேன். வலது கையை முழுதாக நீட்ட முடியாமல் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் சின்னப் பெண்பிள்ளை ஒன்று, மகளாக இருக்கும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். அவன் அடுத்த நிறுத்தத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

நான் இப்போது மாத்தளையில் த்ரீவீல் ஓட்டுகிறேன். எனக்கும் ஒரு மகள், பதின்மூன்று வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைக் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது, அவள் கதவோரம் நின்றாள். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு காட்டணும். அடிக்க மாட்டீங்கதானே?"

அவளை நான் ஒரு நாளும் அடித்ததில்லை பாப்பா. யாரும் அவளுக்கு உன் கதையைச் சொன்னதும் இல்லை. ஆனாலும் கேட்டாள். கதிரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"என்ன நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லு."

சொன்னாள். வகுப்புப் பிள்ளைகள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் அவளைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் பேசுவதில்லை. அவள் சொல்லி முடிக்க அரைமணித்தியாலம் ஆனது. இடையில் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நானும் உன் அண்ணியும் அவளைக் கூட்டிக்கொண்டு பிரின்சிபலைப் பார்க்கப் போனோம். இன்னும் முழுதாக ஓயவில்லை. தினமும் சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், சண்டைகூடப் போடுகிறாள்.

அன்று சொல்லி முடித்ததும், "அவ்வளவுதாம்பா" என்று எழுந்து போய் அவளே சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். "என்ன நடந்துச்சு?" எவ்வளவு சின்னக் கேள்வி அது. சத்தம் போட வேண்டியதில்லை, படித்திருக்க வேண்டியதில்லை. உன்னிடம் அதைக் கேட்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இருந்தது, பாப்பா.

அண்ணன்