முன்சக்கரத்தைத் தூக்கினால் என்ன தெரியும்

என் தங்கக் கழுதை சேகருக்கு,

இன்று காலை உன் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டேன். நீ நம்ப மாட்டாய். ஒரு சாண், இரண்டு சாண் இல்லை, ஹேண்டில் என் நெஞ்சுக்கு நேராக வந்தது. துரை பங்களா வளைவில்தான் தூக்கினேன். நீ விழுந்த அதே இடம். நான் விழவில்லை.

சிரிக்காதே. முப்பத்தெட்டு வயதில் உன் பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு இதைப் பழகியதில் எனக்கு இரண்டு பல்லும் ஒரு தோள் எலும்பும் போய்விட்டன. நம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம்கூடப் போய்ச் சொல்லிவிட்டார்கள். நான் எதற்காக இதைச் செய்தேன் என்று யாருக்கும் தெரியாது. உனக்குச் சொல்கிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும், இனி எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? பதுளையில் நானாவின் கராஜில் நீ வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கிளாக்கர் ஐயா ஒதுக்கிப் போட்ட அந்த பி.எஸ்.ஏ. வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டி ஓடவைத்தாய். ஓடினால் போதாதா ஒரு வண்டிக்கு? அதை ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டவேண்டும் என்று எந்தச் சனியன் உன் மண்டையில் ஏறியதோ! சனிக்கிழமை தோட்டத்துக்கு வருவாய், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத் திடலில் விழுவாய். கிளச்சை அமுக்கி, முறுக்கி, ஆளைப் பின்னால் சாய்த்து, சடாரென்று விடுவாய். வண்டி குதிரை மாதிரி எழும்பும், உன்னைக் கீழே தள்ளி மேலே விழும்.

உன் முழங்கையிலிருந்து சேலை ஊசியால் நான் நெம்பி எடுத்த கற்கள் எத்தனை! ஒருமுறை சைலன்சர் தொடையில் ஒட்டித் தோலோடு உரிந்து வந்தது. அம்மா செத்தபின் உன்னை வளர்த்தவள் நான், ஒரு சொட்டு இரத்தம் வந்தாலே விளக்குமாற்றை எடுப்பவள், அன்று உன்னை அடிக்க இடம் இல்லாமல் வண்டியை அடித்தேன். நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய்.

"பின் பிரேக்குலதான்க்கா உசிரு இருக்கு. ரொம்ப மேல வந்துட்டா லேசா மிதிக்கணும், எறங்கிரும். ஆனா தூக்குனா முன்னால ரோட்டே தெரியாது. வானம் மட்டுந்தான்."

அந்த வானத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு ஆசைப்பட்டாய்.

அதோடு நின்றிருந்தால் நீ இன்று உயிரோடு இருப்பாய். பங்களா வளைவு வந்தால் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ எதுவானாலும் இறங்கி, துரையின் வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்பது நம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மழையில்கூடக் குடையை மடக்கிக்கொண்டு நனைந்தபடி நடப்போம். நீ இறங்கவில்லை. இறங்காததுகூடப் பரவாயில்லை, சரியாக அந்த வளைவில் முன்சக்கரத்தைத் தூக்கினாய். துரைக்கு வண்டியே கும்பிடு போடுகிறது என்றாய். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் குலவை போட்டோம். நானும் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

பிறகுதான் பயம் வந்தது. துரை நம் மாமாவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை அந்தப் பயல் வண்டியில் இருந்தபடி போனால் தலைமைக் கங்காணி வேலையும் இல்லை, லயத்தில் அறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு தடவை எப்படியும் வரும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கேட்கிற பிறவியா நீ?

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அன்று அந்தியில் நானே மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் ஒரே அண்ணன், உன்னைக் கைநீட்டி அடிக்க உரிமை உள்ள ஒரே ஆம்பிளை. அவரிடம் நான் சொன்னது இதுதான்:

"மாமா, அவன் கழுத்த முறிச்சுக்கிறதுக்கு முந்தி நீங்களே வண்டிய விட்டு எறக்கிருங்க. ஒருக்கா நல்லா விழுந்தாத்தான் அவனுக்குப் புத்தி வரும்."

மாமா வெற்றிலையைத் துப்பினார்.

அடுத்த சனிக்கிழமை நீ வளைவுக்கு வரும் சத்தம் கேட்டு நாங்கள் நிமிர்ந்தோம். நீ தூக்கினாய். பெண்கள் குலவையைத் தொடங்கினார்கள். அப்போதுதான் ரோட்டில் கிடந்த கயிறு எழும்புவதைப் பார்த்தேன். ஒரு முனை சவுக்கு மரத்தில் கட்டியிருந்தது. மறு முனையை எதிர்ப்பக்கத்துச் சவுக்கு மரத்தடியில் நின்று மாமா இழுத்தார். மெதுவாக வந்தால் சரிந்து விழுவான், நாலு சிராய்ப்போடு போகும் என்று நினைத்திருப்பார். ஆனால் நீ மெதுவாக வரவில்லை. கயிறு உன் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பிடித்தது. வண்டி உன்னை விட்டுவிட்டுப் போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்தது. உன் பின்மண்டை கல்லில் மோதிய சத்தம் மலை உச்சிவரை கேட்டது. இன்றைக்கும் யாராவது தேங்காய் உடைத்தால் நான் அந்த இடத்தில் நிற்க மாட்டேன்.

கூடையைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே உருண்டு இறங்கினேன். உன்னிடம் முதலில் வரவில்லை, மன்னித்துக்கொள். மாமாவிடம் போனேன். கொழுந்து மட்டம் பார்க்கக் கையில் வைத்திருந்த மட்டக்கம்பால் அடித்தேன், அது ஒடிந்ததும் கல்லால் அடித்தேன். காது கிழிந்து தொங்கியது. உதடு பிளந்தது. அவர் ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. பெண்கள் என்னைப் பிடித்து இழுத்தபோது எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னார்.

"நீதானடி சொன்ன."

அதன்பின் அந்த வார்த்தையை அவர் எங்கும் சொல்லவில்லை, சேகர். விசாரிக்க வந்தவர்கள் துரையிடம் மட்டும் கேட்டுவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். துரை வேறு தோட்டத்துக்கு மாறிப்போனார். தோட்டமே மாமாவை ஒதுக்கிவைத்தது. ஒன்பது வருடமாக அவர் அடுப்புக்கு யாரும் நெருப்புக் கொடுப்பதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு அவர் வந்தால் பெண்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவருடைய வலது மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது, சோற்றைப் பிசையவும் முடியாது. அதை உடைத்தது நான் என்று தோட்டம் முழுக்கப் பெருமையாகச் சொல்லும். நானும் மறுக்கவில்லை. அந்தக் கோணல் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. உனக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் நீ சொன்ன வார்த்தை. தூக்கினால் வானம் மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் நீ கயிற்றைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்தவரையும் பார்க்கவில்லை. சொந்த மாமன் என்று தெரியாமலே போய்விட்டாய். ஆனால் அது நிச்சயமா? அதுதான் என்னை அரித்தது. நானாவிடம் கேட்டால் சொல்லியிருப்பார், கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்து, "இது உங்கட தம்பிட சாமான், உங்களுக்கிட்டத்தான் இருக்கோணும்" என்று விட்டுப்போனார். ஐந்து வருடம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கை உருவினேன். ஓட்டப் பழக ஒரு வருடம், தூக்கப் பழக மூன்று வருடம்.

இன்று தூக்கினேன். நீ சொன்னது உண்மைதான், முன்னால் ரோடு இல்லை. ஆனால் நீ பாதிதான் சொல்லியிருக்கிறாய், பாவி. பக்கம் மறையாது. மாமா நின்ற வலது பக்கத்துச் சவுக்கு மரம் அடியிலிருந்து நுனிவரை தெரிந்தது. அடிமரத்துப் பாசிகூடத் தெரிந்தது. அங்கே ஒரு ஆள் நின்றால் அவன் மூக்கும் முழியும் தெரியும்.

வண்டியை விட்டு இறங்காமல் நேரே மாமாவின் லயத்துக்கு ஓட்டினேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவரோடு பேசினேன். அவன் உங்களைப் பார்த்தானா என்று கேட்டேன்.

சாக்குக் கட்டிலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பார்த்தான். சிரிச்சான். 'மாமா, பாருங்க'ன்னு கத்துனான்."

அவர் கோணல் கையை நீட்டினார்.

"அந்தச் சத்தம் கேட்டதும் கயித்த விடத்தான் பாத்தேன். வழுக்கும்னு கையில ரெண்டு சுத்து சுத்தியிருந்தேன் தாயி. அவிழல. அவனோட சேந்து என்னையும் இழுத்துருச்சு. இது நீ ஒடச்சதில்ல."

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன். மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆளை எனக்கு இன்னும் அடிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அடிக்கவேண்டிய இன்னொருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வருடமாக எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். வளைவில் மாமா நிற்பதைப் பார்த்து, ஒருவழியாக நம் வித்தையைப் பார்க்க வந்துவிட்டார் என்றுதானே சந்தோஷப்பட்டாய்? அவரை அங்கே அனுப்பியது யார் என்று உனக்குத் தெரிந்திருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பாய்?

நாளை விடிந்ததும் பெரட்டுக் களத்துக்கு உன் வண்டியில் போகிறேன். பெயர் கூப்பிட எல்லோரும் கூடியிருக்கும்போது, நான் மாமாவிடம் என்ன சொன்னேன் என்பதைச் சத்தமாகச் சொல்வேன். கல் எறிந்தால் எறியட்டும். மட்டக்கம்பு எல்லோர் கையிலும் இருக்கும். சொல்லி முடிக்கும்வரை வண்டியை விட்டு இறங்க மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன்னை வளர்த்தவள், உன்னை விழவைக்கச் சொன்னவள்,
உன் அக்கா பாக்கியம்