பொனட்டில் இரண்டு பள்ளங்கள்

10 ஜூன் 1976, வியாழன்

காலையிலிருந்து தூறல். எதிர்மலை தெரியவில்லை. பாடசாலையில் வரவு குறைவு.

கார் தொடர்பாக அமலதாஸ் மீது எனக்குள்ள குறைகள். அவர் நான் தலைமையாசிரியராக உள்ள பாடசாலையில் உதவியாசிரியர். அடுத்த மாதம் என் மகளின் கணவர். இரண்டாவதை முன்னிட்டு முதலாவதை மறப்பதாக இல்லை.

1. 6ஆம் திகதி, ஞாயிறு: கோயிலில் அவர்களது முதலாம் கலியாண ஓலை (மூன்று ஞாயிறு வாசிக்கும் திருமண அறிவித்தல்) வாசிக்கப்பட்டு, மக்கள் வெளியேறுவதற்குள் என்னிடம் காரை இரவல் கேட்டது. காரணம்: நானுஓயா ஸ்டேஷனில் கலியாணப் பார்சல்.

2. 9ஆம் திகதி, புதன்: பாடசாலை விட்டதும் கொண்டுபோன காரை இருட்டும் வேளையில், பொனட் சணற்கயிற்றால் கட்டப்பட்ட நிலையில் திருப்பித் தந்தது.

3. அதே நாள்: பார்சல் எதுவும் இல்லாமை. "இன்னும் வரலையாங்க, சேர்."

4. அதே நாள்: "வளைவுல கொக்கி கழண்டு, காத்துக்குப் பொனட் தூக்கிருச்சுங்க, சேர்" என்றது. சொல்லும்போது என் முகத்தைப் பாராமல் சப்பாத்தைப் பார்த்தது.

5. இன்று: ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவருடையது மட்டுமல்ல. எல்லாருடையதும்.

தேங்காய் எண்ணெய் முடிந்துவிட்டது. மகள் ரெஜியிடம் சொல்ல வேண்டும்.

12 ஜூன், சனி

மழை விட்டது. குளிர்காற்று.

ஹட்டன் கடையில் மொரிஸ் காரின் பொனட்டுக்குப் பிணைச்சல், அதாவது கீல், இல்லை. கடைக்காரர் சிரித்தார். "கொழும்புலயே இல்லீங்க. ஒட்டி ஓட்டுங்க." ஆகவே வீட்டிலேயே.

என் காரின் பொனட் கண்ணாடிப் பக்கம் இரண்டு பிணைச்சல்களில் நிற்பது, முன்னால் கொக்கி. போல்ட்டுகளில் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பகலுணவுக்குப் பின் கழற்றினேன். பொனட்டைக் கவிழ்த்து, அடியில் மணல் நிரப்பிய சாக்கு. உள்ளிருந்து மரச்சுத்தியலால் மெதுவாக. பிணைச்சல்கள் இரண்டும் சமையலறை அடுப்பில், சிவக்கும்வரை.

ரெஜி: "சோறு வடிக்கிற அடுப்புல இரும்ப வேக வைக்கிறீங்களேப்பா. உப்பு போடவா?"

நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த தகடு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காற்று தூக்கியிருந்தால் பொனட்டின் பின்விளிம்பு சுருண்டிருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் கீறல் விழுந்திருக்கும். இரண்டும் இல்லை. பள்ளங்கள் மேலிருந்து கீழாக. இரண்டு. அருகருகே. பிணைச்சல்களும் கீழ்நோக்கியே நசுங்கியுள்ளன. பாரம் ஏறியிருக்கிறது. காற்றுக்குப் பாரம் இல்லை.

இதை ரெஜியிடம் சொன்னேன். சுளகை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்க வெளியே போனாள். அந்த அரிசியைக் காலையிலேயே புடைத்தாயிற்று.

இவளுக்கும் ஏதோ தெரியும்.

13 ஜூன், ஞாயிறு

பூசை. இரண்டாம் ஓலை. பங்குச் சுவாமி வழக்கம்போல் இருவரின் பெயரையும் வாசித்து, இத்திருமணத்திற்குத் தடை அறிந்தவர்கள் மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்றார். அமலதாஸ் ஆண்கள் பக்கம், மூன்றாவது வாங்கில். தலை குனிந்திருந்தது. பக்தியாகவும் இருக்கலாம்.

வீட்டு வாசலில் பால்கார முத்தையா. பொனட் இல்லாத காரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஐயா, நம்ம மாப்பிள்ளை மாஸ்டரு இருக்காரே, பெரிய ஆளுங்க."

"ஏன்?"

"புதன்கெழம தவறணையில பார்த்தேனுங்களே! இந்தக் காரு மேல ஏறி நின்னுக்கிட்டு ஒரே சத்தம். சனமெல்லாம் கை தட்டுது. எறங்க விடலையே அவர!"

போதும் என்றேன். பாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஆக, கள்ளுத் தவறணை. குடித்துவிட்டு, என் காரின்மேல் நின்று கூத்து. பாடசாலைப் பிள்ளைகளின் தகப்பன்மார் கைதட்ட. மூன்றாம் ஓலை அடுத்த ஞாயிறு. தடை அறிந்தவன் நான்தான் போலிருக்கிறது.

உறுதி செய்யாமல் எழுந்து நிற்க மாட்டேன். உறுதி செய்வேன்.

பகல் சோறு உண்ணவில்லை. ரெஜி காரணம் கேட்கவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

14 ஜூன், திங்கள்

மறுபடி மழை. இடது பிணைச்சல் நேராகிவிட்டது. வலது இன்னும் வளைவு.

பாடசாலை விட்டதும் குடையுடன் நடந்து, கடைவீதிக்குக் கீழேயுள்ள தவறணைக்கு. அந்த வாசலில் இதற்குமுன் நின்றதில்லை. எதிரே வந்த நாலைந்து பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையின் அளவு வழக்கத்தைவிடக் கூடுதல்.

நடத்துபவர் சிங்களவர். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "அனே, இஸ்கோல மாத்தயா! பெரிய வாத்தியார் ஐயா! வாங்க, வாங்க. உள்ளுக்கு வாங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

நான் குடிக்க வரவில்லை என்று விளக்கினேன். புதன்கிழமை என் கார் இங்கே நின்றதா?

"கார்? இங்கயா? மாத்தயாட கார் ஒரு நாளும் வந்தது இல்ல." சற்று யோசித்து, "இன்னிக்கு மாத்தயாதான் வந்தது."

உள்ளே வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பனார், கிண்ணத்தைப் பின்னால் மறைத்தபடி எழுந்தார்.

"ஐயா எந்தத் தவறணைய கேக்குறீங்க? குடிக்கிற தவறணையா, கன்னுத் தவறணையா?"

குடையை மடக்கி ஊன்றிக்கொண்டேன்.

"மாஸ்டரு பேசுனது நம்ம தோட்டத்து மேக்கணக்குல, தேயிலக் கன்னு போட்டிருக்கிற தவறணையிலங்க. நெலத்த வெளியாளுக்குப் பிரிச்சுக் குடுக்க சங்கிலி புடிச்சு அளக்க வந்தானுங்கல்ல? மாஸ்டரு காரு மேல ஏறி ஒரு பேச்சு பேசுனாரு பாருங்க. பொம்பளைங்க எல்லாம் கன்னுக்கு மத்தியில குந்திட்டாங்க. அளக்க வந்தவன் சங்கிலிய சுருட்டிக்கிட்டுப் போயிட்டான்!"

"அவர் குடித்திருந்தாரா?"

"மாஸ்டரா?" வாங்கு முழுவதும் சிரித்தது. "சோடா குடுத்தாலே மோந்து பார்ப்பாருங்க."

நாற்றுமேடையையும் நாங்கள் தவறணை என்றுதான் சொல்கிறோம். பிறந்தது முதல் தெரிந்த சொல். முத்தையா சொன்னபோது ஒரு பொருள் மட்டுமே என் காதில் விழுந்தது.

வீடு சேர்வதற்குள் செய்தி முந்திவிட்டது. ரெஜி வாசலில். "அப்பா, தவறணைக்குப் போனீங்களாமே?"

எந்தத் தவறணை என்று அவள் கேட்கவில்லை.

15 ஜூன், செவ்வாய்

சாரல். வலது பிணைச்சலை மறுபடி அடுப்பில் வைத்தேன். ரெஜி பக்கத்தில் நின்றாள். நேராகக் கேட்டேன். உனக்குத் தெரியுமா?

"தெரியும்ப்பா."

எப்போதிலிருந்து?

"கார் கேக்குறதுக்கு முந்தியே. பார்சல்னு சொல்லச் சொன்னதே நான்தான்."

குறடு கையில். இரும்பு சிவந்தபடி. அடிக்க வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"மாசா மாசம் தோட்டத்துத் தொரை பங்களாவுல தேத்தண்ணி குடிக்கிறவருகிட்ட எப்படிங்கப்பா சொல்றது? நீங்க தொரைகிட்ட சொல்லிருவீங்கன்னு அவருக்குப் பயம்."

"உனக்கு?"

இந்தக் கேள்விக்கு அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"எனக்குந்தான்."

இரும்பு ஆறிவிட்டது. மறுபடி தீயில் வைக்க வேண்டியதாயிற்று.

ஆறு நாட்களாக நான் அவர்களைச் சந்தேகித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எவ்வளவு காலமாக என்னை? ஆசிரியர் அறையில் பேச்சு நின்றது அதனால்தான். கார் என்னுடையது என்று தொரைக்குத் தெரியாமலிருக்காது. அமலதாஸின் பதவி போனால் என்னுடையதும் போகும். அதைக்கூட மன்னிக்கலாம். காட்டிக்கொடுப்பவன் என்று வீட்டுக்குள்ளேயே தீர்ப்பு எழுதியதை அல்ல. என்னை விசாரிக்காமல்.

அந்தத் தேநீர் நல்ல தேநீர்கூட அல்ல.

17 ஜூன், வியாழன்

வெயில். வியப்பு.

பொனட் பூட்டியாயிற்று. பிணைச்சல்கள் இரண்டும் உராய்வின்றி அசைகின்றன. கொக்கி ஒரே அழுத்தில் விழுகிறது. பள்ளங்கள் முற்றாக எழவில்லை, கை வைத்தால் தெரியும். பழைய கட்டிலின் இரும்புப் பட்டைகள் இரண்டை அடியில் குறுக்காக வைத்து போல்ட் முடுக்கினேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நானே ஏறி நின்று பார்த்தேன். முத்தையா வேலியோரம் பால் பாத்திரத்துடன் நின்றுவிட்டார். நிற்கட்டும். தாங்குகிறது.

தொரை பங்களாவிலிருந்து ஆள்: சனிக்கிழமை தேநீருக்கு வரவும். வர இயலாது என்று சொல்லியனுப்பினேன். காரணம் கூறவில்லை.

அளப்பவர்கள் அடுத்த புதன் மறுபடி வருகிறார்களாம். இது ஆசிரியர் அறையில் கேட்டது; இன்று நான் நுழைந்தபோதும் பேச்சு நின்றது, ஆனால் சற்றுப் பிந்தி.

அமலதாஸுக்குக் கடிதம், நாளை காலை முதல் மணிக்கு முன் கையில் கொடுக்க:

1. நான் காட்டிக்கொடுப்பேன் என்ற முடிவுக்கு நீர் எந்த ஆதாரத்தில் வந்தீர்?

2. என் மகளைப் பொய் சொல்லப் பழக்கியது நீரா, அல்லது உம்மைப் பழக்கியது அவளா?

3. பிறர் காரின்மேல் சப்பாத்துடன் ஏறுவது எந்த ஊர் வழக்கம்?

4. வரும் புதன் கார் தேவையா, இல்லையா? தேவையெனில் ஓட்டுபவன் நான்.

மூன்றாம் ஓலை ஞாயிறு வாசிக்கப்படும். சுவாமி தடை கேட்கும்போது நான் எழுந்து நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் உமது பதிலைப் பொறுத்தது. நான்குக்கும் தனித்தனியாக, எழுத்தில், கையொப்பத்துடன், 19ஆம் திகதி சனி மாலை ஐந்து மணிக்குள். ரெஜி மூலம் வரும் வாய்மொழிப் பதில் ஏற்கப்பட மாட்டாது.