விளக்கை அணைத்தபோது

மார்ச் 4

வாயாடிக்கு,

நலமா? போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒர்க்‌ஷாப் ஆட்களோடும் குடும்பங்களோடும் குகைக்கு வந்து என் மானத்தைக் காப்பாற்றினாய். நாம் பிரிந்திருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. நகரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். கல்யாணமான புதிதில் போனதோடு சரி, அப்புறம் நமக்குத் தோன்றவே இல்லை பார்.

கீழ்க்கூடத்தில் அந்த கைடு, "உண்மையான இருட்டுன்னா என்னன்னு காட்டறேன், யாரும் நகராதீங்க" என்று விளக்கையெல்லாம் அணைத்தாரே, அப்போது நீ என் கையைப் பிடித்தாய். நான் மூச்சுகூட விடவில்லை. விளக்கு வந்தபோது உன்னைக் காணோம். வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். உன் உள்ளங்கையிலிருந்த சூட்டுத் தழும்புகூட மறைந்துவிட்டதே, என்ன மருந்து போட்டாய்?

விவாகரத்து வக்கீலிடம் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வா.

இன்னும் உன்னுடைய
மெக்கானிக்


மார்ச் 9

என்னங்க,

யார் பெண்டாட்டி கையைப் பிடித்துத் தொலைத்தீர்கள்? நான் கீழே வரவே இல்லை. பாதிப் படியிலேயே ஃபோர்மேன் மனைவிக்குத் தலைசுற்றல். மேலே கூட்டிக்கொண்டு போய் டிக்கெட் கவுண்டர் பெஞ்சில் உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தேன். நம்பாவிட்டால் அவரையே கேளுங்கள்.

தழும்பும் மறையவில்லை. கல்யாணமான மறுவருஷம் லாண்டரியில் இஸ்திரி மெஷின் கொடுத்த பரிசு அவ்வளவு லேசில் போய்விடுமா? பேனா பிடித்தால் இப்போதும் உறுத்துகிறது.

லேத் மெஷினில் சுண்டுவிரல் போனதிலிருந்து அந்தக் கையை என் எதிரில் பாக்கெட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்களா நீங்கள்? போட்டோவில்கூடக் கை பாக்கெட்டுக்குள்தான். "எனக்கு ஒண்ணும் அருவருப்பில்லைங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒரே வீட்டில் யாரோ ஒருத்தியாக இருந்து அலுத்துத்தான் கிளம்பினேன். இப்போது கை கோத்தோமாம்!

கேஸ் நடக்கட்டும்.

இப்படிக்கு
லாண்டரிக்காரி


மார்ச் 13

வாயாடிக்கு,

ஃபோர்மேன் வீட்டில் கேட்டேன். நீ சொன்னது சரிதான்.

என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆனால் அது உன் கை. கூட்டத்தில் "போலாம், வாங்க" என்பதற்கு அந்தக் காலத்தில் நீ என் உள்ளங்கையில் நகத்தால் கீறுவாயே, அதே மாதிரி கீறியது. நம் இரண்டு பேரைத் தவிர அது யாருக்குத் தெரியும்?

பயமாக இருக்கிறது. அது நீ இல்லையென்றால் நமக்குள் மிச்சம் ஒன்றுமே இல்லை என்பது அதைவிடப் பெரிய பயம். பொய்யானாலும் பரவாயில்லை, நீதான் என்று ஒரு வரி எழுதிவிடு. நம்பிக்கொள்கிறேன்.

உன்
மெக்கானிக்


மார்ச் 21

என்னங்க,

பொய் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகக் குகைக்குப் போய்வந்தேன்.

கைடு விளக்கை அணைத்தார். சும்மா கையை நீட்டினேன். ஒரு கை பிடித்துக்கொண்டது. கிரீஸ் வாசனை. அலறியிருக்க வேண்டும், அலறவில்லை. ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தேன். சுண்டுவிரல் இருந்தது, முழுசாக.

"ஏங்க?" என்றேன். இன்னும் இறுக்கிப் பிடித்தது. கல்யாணமான புதிதில், அந்தப் படிகளில் நான் வழுக்கிவிடுவேனோ என்று பிடித்தீர்களே, அப்படி. விளக்கு வந்தபோது நான் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்திலிருந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

முதல்முறை போன அன்றைக்கு இரண்டு பேரும் குகையைவிட்டு வெளியே வந்துவிட்டோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

உங்கள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் வீட்டுக்கு வர மாட்டேன். வந்தால் உங்களிடம் அந்தக் கையைத்தான் தேடிக்கொண்டிருப்பேன். நீங்களும் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். அது நம் இரண்டு பேருக்குமே பாவம். வக்கீலிடம் ஆகவேண்டியதைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் குகைக்கு வேறு நாளில் போங்கள்.

லாண்டரிக்காரி